எல்லா மெசின்லயும் ஒரே பிரவுசர்

கொஞ்சம் காலை அந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கிடுதீங்களா சார்? பெட்டி இடிக்கும். கம்ப்யூட்டர் பெட்டிதான். ரிப்பேரா? ரிப்பேர் எல்லாம் இல்ல சார், நல்லா ஓடுத மெசின். விசாரணைக்குக் கொண்டு போயிட்டு வாரேன். மெசினுக்கு என்ன விசாரணைன்னு பாக்கீங்க. விசாரணை எனக்கு. மெசின் சாட்சி.

பயப்படாதீங்க. களவு கேசு, அடிதடி கேசு ஒண்ணும் கிடையாது. ஆபீஸ்ல ஒரு பிரவுசரைப் புதுசாக்கினேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. பிரவுசர் தெரியும்லா? இன்டர்நெட்டைத் திறக்கோமே, அந்தக் கதவு. பழைய கதவைக் கழத்திட்டுப் புதுக் கதவு போட்டேன். அதுக்கு என்னை ஒரு அதிகாரி முன்னால நிக்க வச்சுட்டானுவ. இருபத்திரெண்டு வருச சர்வீஸ் சார். ஒரு மெமோ வாங்கினது கிடையாது.

நீங்க தென்காசி வரைக்குமா? நான் ஆலங்குளத்துல இறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லிரலாம்.

நான் ஆம்னி பஸ் கம்பெனி ஒண்ணுல இருக்கேன். பேரு வேண்டாம், விடுங்க. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூருன்னு வண்டி ஓடுது. ஆபீஸ்ல ஆறு மெசின். ஆறுக்கும் நான்தான் இன்சார்ஜ். கோமதிநாயகம்னு கேட்டா பஸ் ஸ்டாண்ட்ல எல்லாருக்கும் தெரியும். முந்தி போன் புக்கிங்கும் நான்தான் பாத்தேன். அப்புறம் மாசானமுத்து வந்தான்.

மாசானத்துக்குப் பிறவியிலேயே கண்ணு கிடையாது. ரெண்டும். ஒரு டிரஸ்ட்டுக்காரங்க வந்து முதலாளிகிட்ட பேசி வேலைக்குச் சேத்துவிட்டாங்க. நான் அப்பவே சொன்னேன், முதலாளி, இது சீட் நம்பர் பாத்துப் போடுத வேலை, கண்ணில்லாதவன் என்ன செய்வான்னு. முதலாளி, இருக்கட்டும் நாயகம், ஒரு மாசம் பாப்போம்னாரு.

அவன்கிட்ட ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. திரையில உள்ள எழுத்தை எல்லாம் வாசிச்சுச் சொல்லும். ஒரு காதுல அது, இன்னொரு காதுல போன். அது வாசிக்கிற வேகம் இருக்கே, நமக்கு ஒரு எழுத்து விளங்காது, கொசு கத்துத மாதிரி இருக்கும். அவனுக்கு விளங்கும். "வெள்ளிக்கிழமை சென்னை, கீழ் படுக்கை ரெண்டு இருக்கும்மா, பின் சக்கரத்துக்கு மேல வருது, தூக்கித் தூக்கிப் போடும், உங்களுக்கு இடுப்பு வலின்னு போன தடவை சொன்னீங்களே, சனிக்கிழமை போங்களேன்." இப்படிப் பேசுவான். யாருக்கு இடுப்பு வலி, யாரு மகள் வீட்டுக்குப் போறா, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒரு மாசம் ஆறு வருசம் ஆயிட்டு. போன் வந்தா, மாசானம் இருக்காரான்னுதான் முதல்ல கேப்பாங்க. நான் எடுத்தா, அவர்கிட்ட குடுங்கன்னு சொல்லுவாங்க.

அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. நான் அதெல்லாம் மனசுல வச்சுக்கிடுத ஆளு கிடையாது.

போன வருசம் கல்யாண சீசன். நெரிசல். ஒரு நாள் நானும் நாலஞ்சு டிக்கெட் போட்டேன். பதினாலாம் நம்பர் சீட்டு ரெண்டு பேருக்குப் போயிட்டு. யாருக்கும் வருத தப்புதானே சார்? மாசானம் அவன் காதுல கேட்டுக் கண்டுபிடிச்சுட்டான். எந்திரிச்சு, மேசையைப் பிடிச்சுப் பிடிச்சு என் பக்கத்துல வந்து, "அண்ணாச்சி, பதினாலு ரெண்டு தடவை விழுந்திருக்கு, மாத்திருங்க, இன்னும் யாரும் பாக்கல"ன்னு மெதுவாச் சொன்னான். மெதுவாத்தான் சொன்னான். ஆனா முதலாளி காதுல விழுத அளவுக்கு மெதுவா.

முதலாளி எல்லாரு முன்னாலயும் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "நாயகம், கண்ணு தெரியாதவன் பாத்திருக்கான், உமக்குத் தெரியலையே வே!" பேச்சியம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. பேச்சியம்மா பக்கத்துக் கவுன்டர். மாசானம் சிரிக்கல. "அண்ணாச்சி வேலை ஜாஸ்தி, அதான் முதலாளி"ன்னு எனக்குப் பரிஞ்சு பேசினான். அவன் எனக்குப் பரிஞ்சு பேசுதான்!

அதையும் நான் மனசுல வச்சுக்கல. சொல்ல வந்தது பிரவுசர் விசயம்.

இந்தப் பங்குனியில, புக்கிங் சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்த கம்பெனியில இருந்து மெயில் வந்தது. உங்க ஆபீஸ்ல இருக்கிற பிரவுசர் ரொம்பப் பழசு. இன்னும் கொஞ்ச நாள்தான் அதுல நம்ம புக்கிங் பக்கம் ஓடும். ஒண்ணு, அதையே புது பதிப்புக்கு மாத்திக்கோங்க. இல்ல, வேற பிரவுசர் ரெண்டு இருக்கு, அதுல எதை வேணாலும் போட்டுக்கோங்க. மூணுலயும் ஓடும். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்களேன்னா யாரு? நான்தானே சார். இன்சார்ஜ்.

மாசானத்துக்கு எப்படியோ தெரிஞ்சுட்டு. சாப்பாட்டு நேரத்துல வந்தான். "அண்ணாச்சி, ஒரு உதவி. இப்ப இருக்கிறதைப் புதுசாக்கினா என் வாசிக்கிற சாஃப்ட்வேர் அதுல பேசாது. எங்க ஆளுங்க நாலஞ்சு பேருக்கு அப்படி ஆயிருக்கு. எனக்கு மட்டும் அந்த ரெண்டாவது பிரவுசரைப் போட்டுக் குடுங்க. பென் டிரைவ்ல வாங்கிட்டு வந்திருக்கேன்"னான்.

நான் மாட்டேன்னு சொல்லல. அதை விசாரிச்ச அதிகாரியம்மாகிட்ட இன்னைக்கும் சொன்னேன். நான் போட்டுப் பாத்தேன். அவன் மெசின்லயே, இதே பெட்டியிலதான், ஏத்தி ஓட விட்டேன். என்ன சொல்ல, கிளி மாதிரிப் பேசிச்சு. பழசுல திக்கித் திக்கி வருதது கூட இதுல தெளிவா வந்தது. நானே ஒரு காதுல மாட்டிக் கேட்டேன். மாசானம் முகம் இருக்கே, சின்னப் பிள்ளை மிட்டாயைப் பாத்த மாதிரி ஆயிட்டு. "அண்ணாச்சி, சீட்டுப் படத்தைக் கூட வாசிக்குது அண்ணாச்சி! ஜன்னல் பக்கம்னு சொல்லுது!" என் கையைப் பிடிச்சுக்கிட்டான். வேர்த்துப்போயிருந்தது கை.

நான் கையை எடுத்துக்கிட்டேன். பாப்போம்னு சொன்னேன். சாயந்திரம் அதை எடுத்துட்டேன்.

ஏன்னு கேக்கீங்களா? அந்த அம்மாவும் கேட்டாங்க. சார், மெசினுக்கு மெசின் ஒரு பிரவுசர் இருந்தா நான் எப்படிப் பராமரிக்க? ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா? எல்லா மெசின்லயும் ஒரே பிரவுசர். அதுதான் என் கொள்கை. என் மெசின்ல மூணும் இருக்கு, அது வேற. நான் இன்சார்ஜ், எனக்குச் சோதிச்சுப் பாக்க வேணும். மேட்ச் பாக்கதுக்கும் ஒண்ணு தனியா இருந்தா நல்லது.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் காலி. உக்காந்து ஆறு மெசின்லயும் பழையதைப் புதுப் பதிப்புக்கு மாத்தினேன். யாரும் வேற எதையும் ஏத்த முடியாதபடி பாஸ்வேர்டும் போட்டேன். பாதுகாப்புக்கு.

திங்கக்கிழமை வந்தான். எல்லாருக்கும் வணக்கம் சொன்னான். உக்காந்தான், காதுல மாட்டினான். கொஞ்ச நேரம் கீயைத் தட்டினான். நிறுத்தினான். மறுபடி தட்டினான். அப்புறம் காதுல இருந்ததைக் கழத்தித் துடைச்சுட்டு மறுபடி மாட்டினான். நான் பேப்பர் வாசிச்சுக்கிட்டிருந்தேன், ஆனா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

"அண்ணாச்சி, புதுசாக்கிட்டீங்களா?"

"ஆமா. கம்பெனி மெயில் வந்துச்சுல்லா."

"இது பட்டன்னு மட்டும்தான் சொல்லுது அண்ணாச்சி. என்ன பட்டன்னு சொல்ல மாட்டேங்குது. பட்டன், பட்டன், பட்டன்னு... எல்லாமே பட்டன்."

"பழகிரும்"னேன்.

வேற ஒருத்தன்னா அங்கேயே கை தூக்கியிருப்பான். முதலாளிகிட்ட போய் அழுதிருப்பான். போயிருக்கலாம். அவன் போகல. அது அவன் தப்புதானே? போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாரு. அவனுக்கு என்ன நினைப்புன்னா, அண்ணாச்சி மனசு வச்சா செய்வாரு, மேல போய்ச் சொன்னா அண்ணாச்சிக்குக் கெட்ட பேருன்னு. இதையும் அவன்தான் இன்னைக்கு விசாரணையில சொன்னான்.

பேச்சியம்மா ரெண்டு நாள் அவனுக்குத் திரையைப் பாத்துச் சொல்லிக்கிட்டு இருந்தா. நான் கூப்பிட்டு, உன் கவுன்டரை யாரு பாக்கதுன்னு கேட்டேன். அதோட நிறுத்திட்டா.

ஆனா அவன் லேசுப்பட்ட ஆளு இல்ல சார். என்ன செஞ்சான் தெரியுமா? எண்ண ஆரம்பிச்சான். கீபோர்டுல டேப்னு ஒரு கீ இருக்குல்லா, அதை ஒரு தட்டு தட்டினா அடுத்த பட்டனுக்குப் போகும். மேல விலாசம் அடிக்கிற கட்டத்துல இருந்து தொடங்கி எத்தனை தட்டுல எது வருதுன்னு மனப்பாடம் பண்ணிட்டான். பதிமூணு தட்டினா இன்னைக்குத் தேதி, பதினாலு நாளைக்கு, பதினஞ்சு நாளன்னைக்கு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் விரலை மடக்கி எண்ணிக்கிட்டே போவான்னு பேச்சியம்மா சொன்னா. ஒரு வாரத்துல பழைய வேகத்துல பாதி வந்துட்டு. மாசானம் இருக்காரான்னு மறுபடியும் போன்.

முதலாளி அவன் முதுகைத் தட்டி, "கெட்டிக்காரன் வே நீ"ன்னாரு. புது பிரவுசர் போட்டது நானு. கெட்டிக்காரன் அவன்.

இப்ப நான் சொல்லப்போறதை நீங்க யாருகிட்டயும் சொல்லப்போறதில்ல. நீங்க யாரு, நான் யாரு. அதனால சொல்லுதேன்.

அந்தப் புது பிரவுசர்ல ஒரு வசதி உண்டு. அடிக்கடி போற பக்கங்களை எல்லாம் மேல ஒரு பட்டையில வரிசையா வச்சுக்கிடலாம். நல்ல வசதி சார். எல்லாரும் வச்சுக்கிடுதாங்க. நான் அதை மாசானம் மெசின்ல போட்டேன். முதல்ல ஒரு மெசின்ல போட்டுப் பாப்போம்னு. மத்த மெசின்ல போட நேரம் கிடைக்கல. அது போட்டா விலாசக் கட்டத்துக்கும் பக்கத்துக்கும் நடுவுல ஒரே ஒரு தட்டு கூடும். ஒண்ணே ஒண்ணு. பதினஞ்சு தட்டினா இப்ப நாளைக்குத் தேதிதான் வரும். அதுக்கு நான் என்ன செய்ய? அவன் எண்ணுவான்னு பிரவுசர் செஞ்சவனுக்குத் தெரியுமா?

எனக்குத் தெரியும்தான். ஆனா அது வேற விசயம்.

அன்னைக்குக் காலையிலேயே கேட்டுட்டான். எலி காது அவனுக்கு. "அண்ணாச்சி, ஏதும் மாத்துனீங்களா? ஒரு தட்டு கூடுன மாதிரி இருக்கு."

"இல்லையே, ஒண்ணும் மாத்தலையே. நீ தூக்கத்துல தப்பா எண்ணியிருப்ப."

விரலை மடக்கிப் பாத்தான். அப்புறம் சிரிச்சான். "அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. மகளுக்குக் காய்ச்சல், சரியாத் தூங்கல."

அவ்வளவுதான். நான் சொன்னதை அப்படியே நம்பிட்டான். அவன் விரலை நம்பல, என்னை நம்பினான்.

அன்னைக்கு ஒரு ஏழெட்டு டிக்கெட்டுதான் போட்டான். நல்லவேளை, பாதிக்கு மேல ஆளுங்க மெசேஜைப் பாத்துத் திருப்பிப் பேசிச் சரி பண்ணிட்டாங்க. ஒருத்தர் மட்டும் பேசல. வள்ளியூர் பக்கம் செங்கல் சூளையில வேலை பாக்கிற ஆளு. புருசன், பொண்டாட்டி, ஏழு வயசுப் பிள்ளை. பிள்ளைக்கு நெஞ்சுல ஓட்டையோ என்னமோ, சென்னையில பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேசனுக்கு நாள் குறிச்சுக் குடுத்திருந்தாங்க. அந்த ஆளுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. மெசேஜை யாருகிட்டயும் காட்டல. வியாழக்கிழமை கேட்டவருக்குப் புதன்கிழமை டிக்கெட் விழுந்து கெடக்கு. புதன்கிழமை வண்டி மூணு சீட்டு காலியாப் போயிட்டு.

வியாழக்கிழமை சாயந்திரம் பையைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்காங்க. பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. வண்டி நிறைஞ்சு போச்சு. மத்த கம்பெனி வண்டியிலயும் அன்னைக்கு முகூர்த்தக் கூட்டம், எதுலயும் இடமில்ல. டிக்கெட் போட்டது யாருன்னு கேட்டாரு அந்த ஆளு. மாசானம் எந்திரிச்சு நின்னு, "நான்தான் அண்ணே. வியாழன்னுதான் அண்ணே போட்டேன், எண்ணித்தான் போட்டேன்"னான்.

அடிச்சுட்டாரு. பளார்னு. அடிச்ச பிறகுதான் இவனுக்குக் கண்ணு இல்லன்னே அவருக்குத் தெரிஞ்சுது போல. கையை அப்படியே அந்தரத்துல வச்சுக்கிட்டு நின்னாரு. மாசானத்துக்கு அடி எந்தப் பக்கத்துல இருந்து வந்ததுன்னே தெரியல. மறுபடி வருமோன்னு ரெண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி... நான் போய் விலக்கிவிட்டேன் சார். நான்தான் விலக்கிவிட்டேன். அதை ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான்.

அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. ஆபரேசன் நாள் தள்ளிப்போச்சுன்னாங்க. அப்புறம் என்னாச்சுன்னு நான் கேட்டுக்கல.

அன்னைக்குச் சாயந்திரமே அந்தப் பட்டையை எடுத்துட்டேன். வசதியா இல்ல.

முதலாளி மாசானத்தைப் போன்ல இருந்து எடுத்துட்டாரு. வேலையை விட்டு அனுப்பல, அந்த மட்டுக்கும் நல்ல மனுசன். வாசல்ல ஒரு ஸ்டூல் போட்டு, "சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு"ன்னு கூப்பிடச் சொன்னாரு. நாலு நாள் கூப்பிட்டான். குரல் நல்ல குரல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும். என்ன ஒண்ணு, ஆளு போயிட்டானா நிக்கானான்னு தெரியாது. ஆளில்லாத ரோட்டைப் பாத்துச் "சென்னை சார், சென்னை"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பான். எதுத்த டீக்கடையில உள்ளவனுவ சிரிப்பானுவ. நானும் ஒரு தடவை சிரிச்சேன். அஞ்சாம் நாள் வரல. அப்புறம் வரவே இல்ல.

போன் மறுபடி எனக்கு வந்துட்டு.

இனிதான் சார் என் பாடு. போனை எடுத்தா, "மாசானம் இல்லையா?" "லீவா?" "எப்ப வருவாரு?" "அவரு நம்பர் குடுங்களேன்." ஒரு நாளைக்கு இருபது பேரு. என் பேரை ஒருத்தன் கேக்கல. கோமதிநாயகம் பேசுதேன்னு சொன்னாலும், சரி சரி, மாசானம் எங்கன்னுதான். ரெண்டு வாரம் பொறுத்தேன். ஒரு நாள் ஒரு டீச்சரம்மா, எலிசபெத்துன்னு, ரிட்டயர் ஆனவங்க, மாசா மாசம் மகள் வீட்டுக்குச் சென்னை போவாங்க. அவங்க நாலாவது தடவையாக் கேட்டாங்க. "தம்பிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? மறைக்காமச் சொல்லுங்க"ன்னு.

எனக்கு என்ன தோணிச்சோ, "அவரு இறந்துட்டாரும்மா"ன்னுட்டேன்.

அந்தப் பக்கம் அழுகை. ஒரு புக்கிங் கிளார்க்குக்கு ஒரு டீச்சர் அழுதா எப்படி இருக்கும் சொல்லுங்க.

ஆனா அது நல்லா வேலை செஞ்சுது சார். அதுக்கப்புறம் கேட்டவங்க எல்லாருக்கும் அதையே சொன்னேன். எல்லாரும் ஒரு நிமிசம் உச்சுக் கொட்டிட்டு, சரி, வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு போடுங்கன்னு வேலைக்கு வந்துட்டாங்க. ஒரு பத்து நாளைக்கு நிம்மதியா இருந்தேன்.

டீச்சர்தான் கெடுத்தது. ஆபீஸுக்கு வந்து, நான் இல்லாத நேரம் பாத்து, பேச்சியம்மாகிட்ட மாசானம் வீட்டு விலாசம் கேட்டிருக்காங்க. துக்கம் விசாரிக்கன்னு இவளுக்குத் தெரியாது. சும்மா பாக்கப் போறாங்கன்னு நினைச்சுக் குடுத்துட்டா. டீச்சர் பெரிய மாலை ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போயிருக்காங்க. கதவைத் தட்டியிருக்காங்க. திறந்தது யாருன்னு நினைக்கீங்க?

"யாருங்க?"ன்னு கேட்டிருக்கான். டீச்சருக்குக் குரல் தெரியும்லா, அப்படியே வாசல்லயே உக்காந்துட்டாங்களாம். அவன் பதறிப்போய்க் குனிஞ்சு தூக்கப் பாத்திருக்கான். கையில மாலை தட்டுப்பட்டிருக்கு. தடவிப் பாத்திருக்கான். "டீச்சர், மாலை யாருக்கு?"

அவங்க சொல்லிட்டாங்க. மறைக்கத் தெரியாத பொம்பளை.

அவன் பொண்டாட்டி செண்பகவடிவு. அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். பிரவுசர் மாத்தினப்ப அவ ஒண்ணும் சொல்லல. அடி வாங்கினப்ப ஒண்ணும் சொல்லல. வாசல்ல நிக்க வச்சப்ப கூட, போனாப் போகுது, வீட்டுல இருங்கன்னு சொன்னாளாம். மாலையைப் பாத்த அன்னைக்கு மனு எழுதிட்டா. மாற்றுத்திறனாளிகளுக்குன்னு அதிகாரி இருக்காங்கல்லா, அவங்களுக்கு. பிரவுசர்ல இருந்து மாலை வரைக்கும் நாலு பக்கம்.

இன்னைக்குத்தான் விசாரணை. முதலாளி வந்திருந்தாரு. மெசினைக் கொண்டு வரச் சொல்லியிருந்தாங்க. கொண்டு போனேன். நேத்துத்தான் எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து ஏத்தியிருந்தேன். பராமரிப்பு சார். வருசத்துக்கு ஒரு தடவை செய்யணும். அவங்க ஆளு ஒருத்தர் திறந்து பாத்துட்டு, இதுல பழசு ஒண்ணும் இல்ல மேடம்னாரு.

செத்துட்டான்னு சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க. கேட்டேன். வாய் தவறிட்டுன்னேன். பிரவுசர்? கம்பெனி மெயில் வந்தது, மாத்தினேன். முதலாளி உடனே, "அவனுக்கு எந்தப் பிரவுசர் வேணுமோ அதைப் போட்டு, பழைய வேலையே குடுக்கேன், நாளைக்கே வரச் சொல்லுங்க"ன்னுட்டாரு. அதிகாரியம்மாவுக்குச் சந்தோசம். மாசானத்தைப் பாத்து, சம்மதமான்னு கேட்டாங்க.

முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அவன் எந்திரிச்சு நிக்கான். மெலிஞ்சுபோயிருந்தான் சார், சட்டை தொங்குச்சு.

"வாரேன் மேடம். வேலை எனக்கு வேணும். அதுக்கு முந்தி அண்ணாச்சிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் அன்னைக்கு ஒரு தட்டு கூடியிருக்குன்னு கேட்டேன். அவரு இல்லன்னாரு. கூடியிருந்துச்சா இல்லையான்னு மட்டும் சொல்லட்டும். நான் அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். மனுவைக் கூடத் திரும்ப வாங்கிக்கிடுதேன். நான் எண்ணினது சரிதானான்னு எனக்குத் தெரிஞ்சா போதும். அன்னையில இருந்து எதை எண்ணினாலும் சந்தேகமா இருக்கு மேடம். வீட்டுல இருந்து தெரு முக்குக்கு நாப்பத்தாறு காலடி. இருபது வருசமா அதேதான். இப்ப பாதியில நின்னுருதேன். தப்பா எண்ணிட்டேனோன்னு தோணுது. கையில பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கப் பயமா இருக்கு."

அந்த அம்மா என்னைப் பாத்தாங்க. முதலாளி என்னைப் பாத்தாரு. செண்பகவடிவு பாத்தா. ஒரு வார்த்தைதான் சார். ஆமான்னு. சொல்லியிருந்தா அவன் மனுவைத் திரும்ப வாங்கியிருப்பான்னு இப்பவும் நம்புதேன், அவன் அப்படிப்பட்ட ஆளுதான். ஆனா முதலாளி முன்னால எப்படிச் சொல்ல? பேச்சியம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா?

"நான் எதையும் மாத்தல மேடம். அவரு அப்படி என்கிட்ட கேக்கவும் இல்ல"ன்னேன்.

அவன் உக்காந்தான். விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணினான். அப்புறம் கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டான். "வேலை வேண்டாம் மேடம். என்னால இனி டிக்கெட் போட முடியாது. இன்னொரு பிள்ளைக்கு நாள் தப்பிடும்"னான். அந்த அம்மா எவ்வளவோ சொன்னாங்க. கேக்கல. கடைசியில, நிரூபிக்க ஒண்ணும் இல்ல, வேலை குடுக்கத் தயாரா இருந்தாங்க, அவரு வேண்டாம்னுட்டாருன்னு எழுதி முடிச்சுட்டாங்க. ஜெயிச்சது நான்தானே சார்? அப்ப ஏன் முதலாளி என்னை அவரு கார்ல ஏத்தல? வரும்போது சேந்துதான் வந்தோம். போகும்போது, "பஸ்ஸுல வாரும்"னு ஒரு வார்த்தை. பெட்டியைக் கூட வாங்கிக்கல.

பெட்டியைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்தேன். மாசானம் வராந்தா ஓரத்துல நிக்கான். பொண்டாட்டி ஆட்டோ கூப்பிடப் போயிருந்தா. நான் சத்தமில்லாமப் போகப் பாத்தேன். என் நடையைக் கண்டுபிடிச்சுட்டான்.

"அண்ணாச்சியா? கையில கனமா வச்சிருக்கீங்க போல. பாத்து இறங்குங்க, மூணு படி இருக்கு."

நான் நின்னேன். அவன் ஒரு காலை முன்னால வச்சு, விளிம்பைத் தடவிப் பாத்தான். பின்னால எடுத்துக்கிட்டான்.

"மூணுதானே அண்ணாச்சி?"

நான் பதில் சொல்லல. இறங்கி வந்துட்டேன். மூணுதான். ரோட்டைத் தாண்டி இந்தப் பஸ்ஸுல ஏறித் திரும்பிப் பாத்தா, அங்கனயேதான் நிக்கான், ஒரு கையைத் தூணுல வச்சுக்கிட்டு.

அவ்வளவு பேரு முன்னால என்னை நிக்க வச்சுட்டு, வெளியே வந்து என்கிட்டயே படி கேக்கான் சார். எவ்வளவு திமிரு இருக்கணும்?